வலை கழற்றிய டுரியான் தோட்டம்: பாலிக் பூலாவில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்புலம்

மலேசியாவின் பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், பாலிக் பூலாவ் பட்டணத்திலிருந்து மலையேறும் சாலை ஒன்றின் ஓரத்தில் ஏறத்தாழ 4 ஏக்கர் டுரியான் தோட்டம் இருக்கிறது. நிலம் ஒரு சீனத் தவுக்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. அதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்துவருவது ஒரு தமிழ்க் குடும்பம்: எழுபதைத் தாண்டிய பெரியவர், அவர் மனைவி, நாற்பது வயது மகன், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் பேத்தி. தமிழ்ப்பள்ளியில் அந்தப் பேத்திக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பழக்கத்தில்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். குடும்பத்தாரின் ஒப்புதலோடு, பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தோட்டத்தில் சுமார் 60 மரங்கள். பாதிக்கு மேல் பழைய ரகங்கள்: ஆங் ஹே, ஹோர் லோர், குன் போ, பெயரே இல்லாத கம்பத்து (நாட்டுப்புறத்து) டுரியான்கள். மற்றவை பின்னால் வைத்தவை. பினாங்கு மலைச்சரிவுத் தோட்டங்களில் வழக்கமாகச் செய்வதுபோல இங்கும் மரத்தடியில் தடித்த வலை விரித்திருப்பார்கள். இரவில் தானாக விழும் பழம் பள்ளத்தில் உருண்டு உடையாமல் அந்த வலை தாங்கிக்கொள்ளும். இந்தப் பதிவில் பேசப்படுவது அந்த வலை அல்ல. கிளைகளுக்கு நடுவே செங்குத்தாகக் கட்டப்படும் மெல்லிய நைலான் வலை. மீன் பிடிக்கும் ‘ஜாரிங்’ போன்றது, அதைவிட நுண்ணியது, இருட்டில் கண்ணுக்கே தெரியாதது.

சில ஆண்டுகளாகவே விளைச்சல் இறங்கிக்கொண்டு வந்தது. மரம் நிறையப் பூத்தும் காய் நிற்கவில்லை. பெரியவர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பூக்கும் வாரங்களில் காலையில் தோட்டத்துக்குப் போனால் மரத்தடி முழுக்கப் பூவிதழும் மகரந்தத் தண்டுகளும் மெத்தை விரித்ததுபோலக் கொட்டிக் கிடக்கும். இரவில் மரத்தைச் சுற்றிச் சிறகடிப்பு கேட்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர், வௌவால் பூவைப் பிய்த்துத் தின்கிறது என்று முடிவுகட்டினார். அவர் அவசரப்பட்டவர் அல்லர். முப்பது வருடக் காலைகளில் கண்ட காட்சி அது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு வௌவால் மேல் பொதுவாகவே ஒரு பயம் வந்துவிட்டது. மகனுக்கு அதைவிடப் பழைய பயம் ஒன்றும் இருந்தது. 1998-99இல் நிப்பா கிருமி இந்த நாட்டில் 105 பேரைக் கொன்றபோது அவர் பள்ளி மாணவர். பன்றிப் பண்ணைகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த செய்திகளைப் பார்த்து வளர்ந்தவர். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் வந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கொரோனா அடங்கிய அடுத்த பூக்கும் பருவத்தில் அப்பாவும் மகனும் சேர்ந்து ஐந்து இடங்களில் நைலான் வலை கட்டினார்கள். கீழ்ச்சரிவில் ஒரு பெரிய மின்விளக்கையும் தொங்கவிட்டார்கள்.

விடியற்காலையில் கண்டது

விடுமுறைக்கு வீடு வந்திருந்த பேத்தி ஒரு நாள் காலை என்னைக் கைப்பேசியில் அழைத்தார். “சார், தாத்தா தோட்டத்துக்கு வர முடியுமா? கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை.

இரண்டாவது வலையில் ஒன்பது வௌவால்கள் மாட்டியிருந்தன. ஆறு செத்துவிட்டன. உயிரோடு இருந்தவை நகரும்போதெல்லாம் நூல் இன்னும் இறுகியது. பேத்தி தடித்த தோல் கையுறை அணிந்து, சிறு கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டிக்கொண்டிருந்தார். நான் விளக்கைப் பிடித்தேன். கைக்குள் அடங்கும் பிராணி அது. நாய்க்குட்டி முகம், சாம்பல் கலந்த பழுப்பு உடல். மார்பிலிருந்து தொண்டைவரை மஞ்சள் பொடியைத் தேய்த்து விட்டதுபோல இருந்தது. முதலில் அது ஏதோ நோய் என்றுகூட நினைத்தேன். பேத்தி விரலால் தொட்டு, கையுறையில் ஒட்டியதை விளக்கில் காட்டினார். மகரந்தம். வாயைத் திறந்தபடி செத்திருந்த ஒன்றின் நாக்கு வெளியே தொங்கியது. அந்தச் சிறிய முகத்துக்குப் பொருந்தாத நீளம். பூவை மெல்லுவதற்கு அப்படி ஒரு நாக்கு தேவையில்லை.

செத்தவற்றில் ஒன்று தாய். அதன் மார்பில் குட்டி ஒன்று முலையைக் கவ்வியபடி உயிரோடு ஒட்டியிருந்தது. அதைக் காப்பாற்ற எங்களால் முடியவில்லை. பெரியவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மேல்சரிவு வலையில் சிறிய ஆந்தை ஒன்றும் சிக்கியிருந்தது. அதை உயிரோடு பறக்கவிட முடிந்தது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் பறவையா, தோட்டத்தில் எலி பிடிக்கும் பறவையா என்றெல்லாம் வலை பார்ப்பதில்லை.

வௌவாலின் உடலமைப்பை வைத்து அது குகைத் தேன் வௌவால் என்று பேத்தியும் அவருடைய விரிவுரையாளரும் அடையாளம் கண்டார்கள். அறிவியல் பெயர் இயோனிக்டெரிஸ் ஸ்பெலேயா. ஒரு பேற்றில் ஒரே குட்டி போடும் இனம் அது. நிப்பாவோடு பேசப்படும் பெரிய பழந்தின்னி வௌவால் இது அல்ல. மலாய்க்காரர்கள் பெரியதைக் ‘கெலுவாங்’ என்றும் சிறியவற்றைக் ‘கெலாவார்’ என்றும் பிரித்தே சொல்கிறார்கள். நாம் எல்லாவற்றையும் வௌவால் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தோட்டத்தில் நடந்த வாக்குவாதங்களில் பாதி இந்தச் சொல்லால் வந்தவை.

ஆய்வுகள் வைத்திருந்த பதில்

அன்று மாலை பெரியவர் வீட்டுத் திண்ணையில் பேசினோம். கோலாலம்பூருக்கு அருகே முருகன் கோயில் இருக்கும் பத்துமலைக் குகைகளிலிருந்து தொடங்கினேன். அது தெரிந்தே எடுத்த வழி. தைப்பூசத்துக்குப் பினாங்கிலேயே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் பத்துமலை என்றால் ஒரு பணிவு வரும்.

1976இல் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் மேற்கு மலேசியாவின் தேனுண்ணும் வௌவால்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்துமலைக் குகைகளில் தங்கும் இதே இன வௌவால்கள் என்ன உண்கின்றன என்று எச்சத்திலும் உடலிலும் இருந்த மகரந்தத்தை வைத்துப் பார்த்தார்கள். டுரியான், காயைச் சமைத்து உண்ணும் பெத்தாய் மரம், வாழை, கடலோரச் சதுப்பில் வளரும் பெரெம்பாங் வகை மரங்கள் எல்லாம் அதில் இருந்தன. உணவு தேடி ஒரே இரவில் 38 கிலோமீட்டர் வரை போய்வருகின்றன என்பதும் தெரிந்தது. டுரியான் பூப்பது வருடத்தில் சில வாரங்கள். மற்ற மாதங்களில் வௌவாலைக் காப்பாற்றுவது வருடம் முழுதும் விட்டுவிட்டுப் பூக்கும் சதுப்பு மரங்களும் வாழையும். அந்தக் காலத்தில் பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரைச் சதுப்புக் காடுகளும் அழிந்துகொண்டிருந்தன. டுரியான் விளைச்சல் குறைந்ததற்கு இவை காரணமாக இருக்கலாம் என்ற கவலை அப்போதே எழுந்தது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து பெரியவரின் மனைவி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் பிறந்த வீடு பத்துமலைக்குப் பக்கத்தில். “மத்தியானம் வெடி போடுவார்கள். தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஆடும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குகையிலிருந்து புகை மாதிரி வௌவால் கிளம்பும். எங்கே போகிறது என்று அம்மாவைக் கேட்பேன். ‘அதற்கும் வேலை இருக்கிறது’ என்பார்” என்றார். நான் கொண்டுபோயிருந்த காகிதங்கள் செய்யாததை அந்த நாலு வாக்கியம் செய்தது. பெரியவர் முதல்முறையாக, “சரி வாத்தியாரே, மேலே சொல்லுங்கள்” என்றார்.

தென் தாய்லாந்தில் நடத்தி 2009இல் வெளியான ஆய்வு ஒன்று டுரியானுக்கு முதன்மையான மகரந்தக்காரன் இந்தக் குகைத் தேன் வௌவால்தான் என்று காட்டியது. ஒரே மரத்தின் மகரந்தம் அதே மரத்துப் பூவில் பட்டால் காய் பெரும்பாலும் நிற்பதில்லை, வேறு மரத்திலிருந்து வர வேண்டும் என்பதும் அதில் உண்டு. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வுக்காகத் தியோமான் தீவில் ஆய்வாளர்கள் மரத்தின்மேல் கேமரா கட்டிப் பார்த்தார்கள். அங்கே வந்தவை தீவுப் பழந்தின்னி வௌவால்கள், அதாவது சிறிய ‘கெலுவாங்’. அவையும் பூவை அழிக்காமல் தேனை நக்கிவிட்டுப் போயின. அவை வந்துபோவது காய்ப்புக்கு உதவியது. 2018இல் வந்த இன்னோர் ஆய்வு பத்துமலை இருட்டுக் குகை வௌவால்களின் எச்சத்தில் மரபணுவைப் பிரித்து, நகரம் சூழ்ந்த குகையில் வாழ்ந்துகொண்டும் அவை எத்தனை வகைச் செடி மரங்களை நம்பியிருக்கின்றன என்று காட்டியது. வீட்டுத் தோட்டத்து வாழையும் பலாவும் அதில் சேர்த்தி.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “தியோமானில் தின்னவில்லை. நம் மரத்தில் தின்கிறதா இல்லையா என்று யார் சொல்வது?”

நியாயமான கேள்வி. எந்த ஆய்வுக் கட்டுரையும் அவருடைய மரத்தைப் பார்த்து எழுதப்பட்டதல்ல.

மரத்தடியில் செய்த சோதனை

பருவம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வலைகளை அதுவரை சுருட்டி வைப்பது, நாமே பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். நிரந்தரமாகக் கழற்ற மகன் சம்மதிக்கவில்லை. “பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார்” என்றார். அந்த நிபந்தனை எங்களை ஒழுங்காகச் செய்ய வைத்தது.

ஏணிக்கு எட்டும் தாழ்ந்த கிளைகள் உள்ள மூன்று மரங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் மறுநாள் மாலை விரியப்போகும் மொட்டுக் கொத்துகளில் பத்தைச் சிவப்பு நூல் கட்டி அப்படியே விட்டோம். இன்னொரு பத்தை மெல்லிய துணிப்பையால் மூடிக் கழுத்தைக் கட்டினோம். மூன்றாவது பத்தை நீல நூல் கட்டி, இரவு எட்டு மணிக்கு வேறு ரக மரத்திலிருந்து எடுத்த மகரந்தத்தைத் தூரிகையால் தடவினோம். அசைவைக் கண்டால் தானே படமெடுக்கும் கேமராக்கள் இரண்டைப் பேத்தி தம் துறையிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார். ஒன்றை ஹோர் லோர் மரத்திலும் மற்றொன்றைக் கம்பத்து மரத்திலும் கட்டினோம்.

முதல் இரவு நானும் பெரியவரும் மரத்தடியிலேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். மாலை நாலு மணிக்குமேல் மொட்டுகள் மெல்ல விரியத் தொடங்கின. புளித்த பால் போன்ற வாசனை கீழே இறங்கியது. அந்தி மங்கும் நேரத்தில் மலைத்தேனீக்கள் வந்தன. ஏழு மணிக்கு மேல் மகரந்தப் பைகள் வெடித்தன. சற்று நேரத்தில் முதல் வௌவால் வந்தது. ஒரு கொத்தில் இரண்டு மூன்று நொடிதான். கட்டிப்பிடித்து, முகத்தைப் பூவுக்குள் நுழைத்து, உடனே அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. அந்த அவசரம்தான் டுரியானுக்கு வேண்டியது. ஒரே மரத்தில் நிதானமாக உட்கார்ந்து குடித்தால் மகரந்தம் அங்கேயே நின்றுவிடும்.

நள்ளிரவை ஒட்டி இதழ்கள் உதிர ஆரம்பித்தன. பாயில், பெரியவரின் தோளில், தேநீர்க் குவளையில் விழுந்தன. அப்போது மரத்தில் ஒரு வௌவாலும் இல்லை. “காற்றில் விழுகிறது” என்றார். காற்று இல்லை.

விடிந்ததும் ஏணியில் ஏறியவர் பெரியவர்தான். மகன் தடுத்தும் கேட்கவில்லை. துணிப்பை ஒன்றைக் கழற்றாமல் அப்படியே வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பைக்குள் அடியில் இதழ்களும் மகரந்தத் தண்டுகளும் உதிர்ந்து கிடந்தன. எந்த வாயும் நுழைய முடியாத பை. கிளையில் மிஞ்சியிருந்தது சூலகமும் அதிலிருந்து நீட்டிய ஊசி போன்ற தண்டும் மட்டும். அடுத்த பையையும் பார்த்தார். அதுவும் அப்படியே. டுரியான் பூ ஓர் இரவுப் பூ. வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் விடியுமுன் தன் உடையைத் தானே களைந்துவிடும். முப்பது வருடமாக அவர் காலையில் கண்ட மெத்தை அதுதான்.

ஏணியிலேயே நின்றபடி, “இத்தனை வருடம் இதே மரத்தடியில்தானே இருந்தேன்” என்றார். அதை என்னிடம் சொன்னாரா, மரத்திடம் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கேமராக்கள் வேறொரு குற்றவாளியைக் காட்டின. பகல் நேரத்தில் அணில்கள் வந்து விரியாத மொட்டைக் கடித்துத் துப்பின. ஒரு நாள் நீண்ட வால் குரங்குக் கூட்டம் ஒன்று கீழ்ச்சரிவு மரத்தில் கிளையையே உலுக்கிவிட்டுப் போனது. இரண்டுமே பகலில் வருபவை. இரவில் கட்டிய வலையால் அவற்றுக்கு ஒரு தடையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து எண்ணினோம். துணிப்பையில் மூடிய முப்பது கொத்துகளில் இரண்டில் மட்டுமே பிஞ்சு இருந்தது. அவையும் பின்னர் உதிர்ந்தன. தூரிகை தடவியவற்றில் பெரும்பாலானவை பிஞ்சு பிடித்திருந்தன. திறந்து விட்டவை இரண்டுக்கும் நடுவில். நடுவில் என்பதும் ஒரு செய்திதான்: மரத்துக்குக் காய்க்கும் சக்தி இருக்கிறது, அதற்கு வர வேண்டிய மகரந்தம் போதுமான அளவு வரவில்லை.

எடுத்த முடிவுகள்

அடுத்த பருவத்துக்கு முன் குடும்பமாக உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகளில் முதலாவதும் எளிதானதும் நைலான் வலையையும் விளக்கையும் அகற்றுவது. வலைகளை வெட்டி, சாக்கில் கட்டி, குப்பைக்கு அனுப்பினார்கள். சுருட்டி வைத்தால் வேறு யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள் என்று பெரியவர் சொன்னார்.

கடினமாக இருந்தது பூச்சிமருந்து. மகன் வழக்கமாகப் பூக்கும் காலத்திலும், வெயில் தாழ்ந்த பிறகு, மாலையில்தான் தெளிப்பார். ஆளுக்கு வசதியான நேரம் அது. பூ விரியும் நேரமும் அதுவே. மருந்து பட்ட பூவில் முதலில் இறங்குவது மலைத்தேனீ. பூ விரிந்திருக்கும் வாரங்களில் தெளிப்பதே இல்லை என்று முடிவானது. அந்த இடைவெளியில் பூச்சி ஏறினால் என்ன செய்வது என்ற மகனின் கவலைக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. மொட்டு நிலையிலேயே ஒருமுறை, பிஞ்சு பிடித்த பிறகு தேவைப்பட்டால் ஒருமுறை என்ற சமரசத்துக்கு வந்தோம்.

மூன்றாவது, ரகங்கள். பழைய மரங்களை வெட்டி முழுத் தோட்டத்தையும் மூசாங் கிங் ஒட்டாக மாற்றும் திட்டம் மகனிடம் இருந்தது. 1993இல் டி197 என்று பதிவான அந்த ரகத்துக்கு இன்றிருக்கும் விலையைப் பார்த்தால் அவர் ஆசைப்பட்டதில் தவறே இல்லை. ஆனால் ஒட்டு மரங்கள் எல்லாம் ஒரே தாயின் கிளைகள். அறுபது மரமும் ஒரே ரகம் என்றால் மகரந்தக் கணக்கில் அது ஏறக்குறைய ஒரே மரம். எத்தனை வௌவால் வந்தும் கொடுப்பதற்கு வேறு மகரந்தம் இருக்காது. மேல்சரிவில் மட்டும் ஒட்டு வைப்பது, அங்கேயும் நாலு மரத்துக்கு ஒரு பழைய மரத்தை விட்டுவைப்பது என்று முடிவு செய்தார்கள்.

நிப்பா பற்றிய பயத்தை நான் ஒதுக்கிப் பேசவில்லை, பேசவும் கூடாது. அந்த நோய்ப் பரவலில் பழமரங்களை ஒட்டிப் பன்றிக் கொட்டில்கள் இருந்ததும், வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிகளுக்குப் போனதும் பெரிய பங்கு வகித்தன. இந்தத் தோட்டத்தில் கால்நடை இல்லை. ஆனால் மகனிடம் ஒன்றைக் கேட்டேன்: வலையில் மாட்டியவற்றை எடுத்தது எப்படி? வெறுங்கையால், பல நாள். ஒருமுறை விரலில் பல் பட்டுமிருக்கிறது. மரத்தின் உச்சியில் வந்து தேன் குடித்துவிட்டுப் போகும் வௌவாலுக்கும் அவர் கைக்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்காது. வலைதான் இரண்டையும் சேர்த்தது. அவர் நீண்ட நேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரைக் கிளினிக்குக்கு அனுப்பிக் கடிபட்ட விவரத்தைச் சொல்லச் சொன்னோம். மருத்துவர் பரிசோதித்து, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். வௌவாலைத் தொடுவதில்லை, கடிபட்ட பழத்தை உண்பதுமில்லை விற்பதுமில்லை, பழம் பொறுக்கியபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற மூன்று விதிகளை அவரே தோட்டக் குடிசைச் சுவரில் எழுதி ஒட்டினார்.

அணிலுக்காக, பக்கத்து மரத்தோடு உரசும் கிளைகளைக் கழித்து, அடிமரத்தில் தகரம் சுற்றினார்கள்.

பின்விளைவு

அடுத்த பருவத்தில் தை, மாசி மாதங்களில் நல்ல வறட்சி நின்றது. பூ சிறப்பாக வந்தது. ஆடிக்குள் பழம் இறக்கி முடித்தபோது முந்தைய ஆண்டைவிடத் தெளிவாகவே கூடுதல். குடும்பத்துக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான். ஆனால் மலையில் பல தோட்டங்களிலும் அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது. வலை கட்டியே வைத்திருந்த ஒரு தோட்டமும் அதில் உண்டு. ஆகவே கூடுதலாக வந்ததை வலை கழற்றியதன் கணக்கில் எழுத முடியாது. இதை நான் சொன்னபோது மகன், “சார், நீங்களே இப்படிச் சொன்னால் மற்றவர்களை எப்படிக் கழற்றச் சொல்வது?” என்றார். சங்கடமான கேள்விதான். இருந்தாலும் ஒரு நல்ல வருடத்தை ஆதாரமாகக் காட்டினால், அடுத்த மழை வருடத்தில் காய் கொட்டும்போது அதே ஆதாரம் நமக்கு எதிராகத் திரும்பும். வலை போகும் வேகத்திலேயே திரும்பி வரும்.

நாங்கள் மற்றத் தோட்டக்காரர்களிடம் கொண்டுபோனது துணிப்பையை. மூன்று தோட்டங்களில் பெரியவரே மாலையில் பை கட்டிவிட்டு, காலையில் உரிமையாளர் கையாலேயே கழற்ற வைத்தார். பக்கத்துச் சீன முதியவர் ஒருவர் பையைத் திறந்து பார்த்து, உள்ளே கிடந்த இதழைக் கையில் கொட்டி, எண்ணத் தொடங்கினார். அவரும் இன்னொருவரும் அடுத்த வாரமே வலையை இறக்கினார்கள். மூன்றாமவர் இறக்கவில்லை. அவர் பூவுக்காக வலை கட்டவில்லை; பக்கத்தில் இருக்கும் ரம்புத்தானுக்காகக் கட்டியிருக்கிறார். பழந்தின்னிகள் ரம்புத்தானை உண்பது உண்மை. அவருக்கு நாங்கள் சொன்னது தீர்வாக அமையவில்லை. பழக்கொத்தைப் பையால் மூடிப் பார்க்கும்படி கேட்டிருக்கிறோம். மரம் உயரமானது, கூலி கட்டாது என்கிறார்.

அணில் தகரம் பாதி வேலைதான் செய்தது. கழித்த கிளைகள் ஒரே மழைக்காலத்தில் வளர்ந்து மறுபடி உரசின.

எங்களுக்குத் தெரிந்தவரை அந்தச் சரிவில் அந்தப் பருவத்தில் வலையில் செத்த வௌவால் ஒன்றுமில்லை. முந்தைய பருவத்தில், பேத்தி கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு மட்டும், இந்த ஒரே தோட்டத்தில் 23. அதற்கு முன் நடந்ததை யாரும் எண்ணவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எங்கள் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. துணிப்பை வௌவாலோடு தேனீயையும் அந்துப்பூச்சியையும் சேர்த்தே தடுத்துவிட்டது. மூடிய கொத்தில் காய் நிற்காததற்குக் காரணம் வௌவால் வராததா, தேனீ வராததா என்று அந்த எண்ணிக்கையிலிருந்து பிரிக்க முடியாது. தேனீ நுழையக்கூடிய, வௌவால் நுழைய முடியாத அகலக் கண்ணி வலைக்கூடு ஒன்றை நாலாவது வகையாக வைத்திருக்க வேண்டும். முறையான ஆய்வுகள் அப்படித்தான் செய்கின்றன. அடுத்த பருவத்துக்குக் கோழிக்கூட்டுக் கம்பிவலையை வளைத்து அதைச் செய்து வைத்திருக்கிறோம். வௌவாலின் சிறகு கம்பியில் மாட்டாதபடி விளிம்பை மடித்துத் துணி சுற்றியிருக்கிறது.

மழையை நாங்கள் அளக்கவில்லை. பூத்த இரவுகளில் மழை பெய்தால் மகரந்தம் கரையும், வௌவாலும் குறைவாக வரும். ஒரு டப்பாவும் அளவுகோலும் இருந்தால் போதும். அந்த எளிய விஷயத்தைத் தவறவிட்டதற்கு நானே பொறுப்பு.

முதல் காலையிலேயே எல்லா வலைகளையும் இறக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் என் மனத்தில் நிற்கிறது. பெரியவரின் மனம் கோணக்கூடாது என்று மாலைவரை காத்திருந்தேன். அந்த இடைவெளியில் மேல்சரிவில் இன்னும் இரண்டு செத்தன.

இன்னொன்று தோட்டத்துக்கு வெளியே இருக்கிறது. பூ இல்லாத மாதங்களில் இந்த வௌவால்களுக்குச் சோறு போடுவது மேற்குக் கரையின் சதுப்பு மரங்கள். கோலா சுங்கை பினாங்குப் பக்கம் ஆற்றோரத்தில் பேத்தி சென்ற மாதம் நடந்து பார்த்து, பெரெம்பாங் மரங்கள் நிற்கும் இடங்களைக் கைப்பேசியில் குறித்து வந்திருக்கிறார். மரங்கள் இருந்திருக்க வேண்டிய சில இடங்களில் புது மண் கொட்டியிருந்தது. டுரியான் தோட்டக்காரர்கள் இதுவரை அந்தக் கரையைத் தங்கள் விஷயமாக நினைத்ததில்லை. பெரியவர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்மையும் அங்கே அழைத்துப்போகும்படி பேத்தியிடம் சொன்னார்.